எண்பதுகளின் பத்துப் படங்கள்

இத்தொடரில் இதுவரை நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் என்று பேசி வந்தோம். இன்று சினிமாவுக்கு வருகிறோம். சினிமாவின் வரலாற்றை நான் விளக்கப் போவதில்லை. ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் தமக்குள் தொடுத்துக்கொள்ளும் ஒரு வழக்கு உண்டு: எண்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களுள் மிகச் சிறந்த பத்து எவை? அவற்றுள் முதலாவது எது? அந்த வழக்கைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இலக்கியப் பகுதியில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பட்டியல் போடுவது இலக்கிய உலகத்தின் பழைய பழக்கமே. க.நா.சுப்ரமண்யம் வாழ்நாள் முழுவதும் சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதைகள் என்று பட்டியலிட்டுக்கொண்டே இருந்தார். ஏன் சிறந்தது என்று கேட்டால், படித்துப் பாருங்கள் என்பதே ஏறக்குறைய அவருடைய பதிலாக இருந்தது. நமது பேராசிரியர் கைலாசபதி அந்த ரசனை முறையைக் கடுமையாக மறுத்து எழுதினார். சமூகக் காரணங்களை விட்டுவிட்டுத் தனிமனித ருசியை அளவுகோலாக்கலாமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. விமர்சகர்கள் நூல்களில் நடத்திய அதே வாதத்தைச் சினிமா ரசிகர்கள் தேநீர்க் கோப்பையுடன் நடத்துகிறார்கள் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளவத்தையில் நண்பரொருவரின் வீட்டு விறாந்தையில் மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் சிலர் கூடுவதுண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வங்கியில் வேலை செய்பவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், பல்கலைக்கழக மாணவர் இருவர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து போகும் ஓரிருவர், நான். அங்கேதான் இந்தப் பட்டியல் வழக்கு மூன்று மாதங்களாக நடந்து வருகிறது.

முதல் தகராறு எண்பதுகள் எப்போது தொடங்கின என்பதிலேயே ஆரம்பித்தது. நாட்காட்டியின்படி 1980. ஆனால் எண்பதுகளின் சினிமா என்று நாம் நினைக்கும் குணங்களெல்லாம் அதற்கு முன்னரே தோன்றிவிட்டன. ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்குக் கமரா போனது பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்த 1977இல். இளையராஜா ‘அன்னக்கிளி’ மூலம் வந்தது 1976இல். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ 1978. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து அவர் கருக்கொண்டு எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ 1979. துரையின் ‘பசி’யும் அதே ஆண்டு. ‘உதிரிப்பூக்க’ளைச் சேர்க்க முடியாது என்று தெரிந்ததும் மருந்துக்கடை நண்பர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “அது இல்லாத லிஸ்ற் எனக்கு வேண்டாம்” என்றார். அவரைச் சமாதானப்படுத்த அரை மணித்தியாலம் போயிற்று.

இலங்கை ரசிகனுக்கு இந்த ஆண்டுக்கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்ட பின்னர் வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. இந்தியத் தமிழ்ப் படங்கள் மட்டான எண்ணிக்கையில், பெரும்பாலும் ஆண்டுகள் பிந்தியே இங்கு திரைக்கு வந்தன. சென்னையில் பழசாகிப் போன படம் நமக்குப் புதுப்படம். பிறகு வீடியோ வந்தது. டெக்கையும் ரி.வி.யையும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கையிலுள்ளவர்கள் எல்லாரும் முற்றத்தில் பாய் விரித்து, விடியவிடிய மூன்று படம் பார்த்த காலம் அது. ‘ஒருதலை ராகம்’ எந்த ஆண்டுப் படம் என்று கேட்டால் நம்மவர் பலர் தாம் அதைப் பார்த்த ஆண்டைத்தான் சொல்வார்கள்.

பாட்டு அடுத்த தகராறு. படம் வந்து சேருமுன்பே பாட்டு வந்துவிடும். இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புன’லைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலி கேட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) என்றால் பாட்டுத்தான். படத்தைப் பின்னர் பார்த்தபோது, காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்துடன் திரையிலிருந்த படம் போட்டியிட்டுத் தோற்றது என்றார் வங்கி நண்பர். அழகாகச் சொன்னார். ஆகவே ஒரு சோதனை வைத்தோம். பாடல்களைக் கழற்றிவிட்டால் நிற்கக்கூடிய படங்களுக்கே இடம். இந்தச் சோதனையில் பெருவெற்றிப் படங்கள் பல விழுந்தன. ‘கரகாட்டக்காரன்’ (1989) விழுந்ததா நின்றதா என்பதில் இன்றும் இரு கட்சி. ‘சலங்கை ஒலி’யும் (1983) ‘சிந்து பைரவி’யும் (1985) சோதனைக்கே உட்பட மறுத்தன. அவற்றின் கதையே இசையும் நடனமுமாக இருக்கும்போது எதைக் கழற்றுவது?

இங்கே எனக்குப் பிடித்தமான ஒரு ஒப்பீட்டைச் சொல்ல வேண்டும். மணமான பெண்ணின் மனத்தில் பழைய காதல் தங்கியிருக்கிறது, கணவன் நல்லவன், என்ன செய்வது? இந்த ஒரே கருவில் ஆறாண்டுகளுக்குள் மூன்று படங்கள் வந்தன. மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980), பாக்கியராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981), மணிரத்தினத்தின் ‘மௌன ராகம்’ (1986). எங்கள் பட்டியல்களில் ‘மௌன ராக’த்துக்குத்தான் உயர்ந்த இடம். மாணவர் இருவரும் அதை இரண்டாவதாகப் போட்டிருந்தார்கள். கார்த்திக் வரும் பகுதி படத்தில் சிறியதுதான். ரசிகர் நினைவிலோ அதுவே முழுப்படம். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறு விஷயங்கள் தெரிகின்றன. பாக்கியராஜ் சிரிக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போய், இறுதியில் கேள்வியைத் தாலியின் மீது வைத்து முடித்துவிடுகிறார். மணிரத்தினம் அதே கேள்வியை மாநகரத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோய், விவாகரத்து என்ற சொல்லைக் கணவன் மனைவி இருவருக்கும் நடுவில் வைக்கிறார். மகேந்திரன் ஒன்றுமே சொல்லாமல் இருக்கிறார். அவருடைய பாத்திரங்கள் பேசாமல் நிற்கும் நேரங்களில் அசோக்குமாரின் ஒளிப்பதிவு பேசுகிறது. அந்த ஒளிப்பதிவு இந்திய தேசிய விருதும் பெற்றது. என் பட்டியலில் இந்தப் படம் முன்னே நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை: முதற்படத்தில் காதலனாக வரும் மோகன்தான் ‘மௌன ராக’த்தில் கணவனாக வருகிறார். ஆறாண்டுக்குள் அவருக்குக் கிடைத்த பதவி உயர்வு!

எல்லாருடைய பட்டியலிலும் இருந்த படம் ‘நாயகன்’. 1987 தீபாவளிக்கு வந்தது. அதே நாளில் ஏவிஎம்மின் ‘மனிதன்’ படமும் வந்தது. ரஜினி ரசிகருக்கும் கமல் ரசிகருக்கும் அன்று மூண்ட சண்டை சென்னையில் இன்னும் ஓயவில்லை என்று சொல்வார்கள். கூட்டம் ‘மனித’னுக்கு. விருதுகள் ‘நாயக’னுக்கு: கமல்ஹாசனின் நடிப்பு, பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, தோட்டா தரணியின் கலை மூன்றுக்கும் தேசிய விருது. 2005இல் அமெரிக்காவின் ‘டைம்’ சஞ்சிகை வெளியிட்ட எக்காலத்துக்குமான நூறு படங்களின் பட்டியலில் ‘நாயக’னும் இடம்பெற்றது. அதன் பிறகு விவாதமே ஒருவகையில் கெட்டுப்போய்விட்டது. யாராவது ‘நாயக’னில் ஒரு குறை சொன்னால் உடனே ‘டைம்’ சஞ்சிகையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். வெள்ளைக்காரன் முத்திரை குத்திவிட்டான், பிறகென்ன பேச்சு! ஆனால் பேச நிறைய இருக்கிறது. கொப்போலாவின் ‘கோட்பாதர்’ (1972) படத்துக்கு அது எவ்வளவு கடன்பட்டது? பம்பாயின் வரதராஜ முதலியார் என்ற உண்மை மனிதரின் சாயல், படத்தில் அவரை உயர்த்துகிறதா விசாரிக்கிறதா? மகள் தகப்பனைக் கேள்வி கேட்கும் காட்சிகளில்தான் படம் தன்னைத்தானே விசாரிக்கிறது என்பது என் கருத்து. அவை இல்லாவிட்டால் அது நன்றாக ஒளியூட்டப்பட்ட ஒரு வீரகதையாக மட்டும் நின்றிருக்கும்.

அந்தத் தீபாவளி நமக்கு வேறொரு தீபாவளி. 1987 ஒக்டோபர் 21. ‘நாயக’னின் முதற்காட்சிக்குச் சென்னையில் வரிசை நின்ற அதே நாளில், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படையினர் புகுந்தனர். நோயாளரும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியரும் கொல்லப்பட்டார்கள். ‘நாயகன்’ எப்போது வந்தது என்று விடுமுறைக்கு வந்த நண்பர் தேதியைச் சொன்னபோது விறாந்தையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அங்கிருந்தவர்களில் ஒருவர் அன்று யாழ்ப்பாணத்தில் இருந்தவர். “நான் அந்தப் படத்தை நாலைஞ்சு வருசத்துக்குப் பிறகு கனடாவிலைதான் பாத்தனான்” என்று மட்டும் சொன்னார். படத்தை அவர் மூன்றாவதாகப் போட்டிருந்தார். அதே படம், அதே மூன்றாமிடம் மாணவர் ஒருவரின் பட்டியலிலும் இருந்தது. அந்த இரண்டு மூன்றுகளும் ஒன்றல்ல. புள்ளிக் கணக்கில் மாத்திரம் அவை ஒன்று.

புள்ளிக் கணக்கு என்றதும் அதன் சூட்சுமத்தையும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முதலிடத்துக்குப் பத்து, இரண்டாமிடத்துக்கு ஒன்பது, பத்தாமிடத்துக்கு ஒன்று என்று கொடுப்பது வழக்கம். பத்துப்பேர் பட்டியல் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப்பேரும் ஒரு படத்தை நாலாவதாகப் போட்டால் அதற்கு ஏழு வீதம் 70 புள்ளி. இன்னொரு படத்தை நாலுபேர் முதலாவதாகப் போட்டு, மற்ற ஆறுபேர் சேர்க்கவே இல்லையென்றால் அதற்கு 40 புள்ளிதான். ஆக, ஒருவர்கூட முதலிடம் கொடுக்காத படம் முதலாவதாக வந்துவிடும். முதலிடங்களை மட்டும் எண்ணினாலோ மற்றப்படம் வெல்லும். படங்கள் மாறவில்லை, ரசிகர்கள் மாறவில்லை, கூட்டல் முறைதான் மாறியது. யாருக்கும் வெறுப்பில்லாத படம் ஒருவகைக் கணக்கில் வெல்கிறது. சிலர் உயிராக நேசிக்கும் படம் இன்னொரு வகைக் கணக்கில் வெல்கிறது.

பிரித்தானியாவின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடம் ஆளுக்குப் பத்துப் படம் கேட்கிறது. அங்கே எத்தனை பட்டியலில் படம் வந்தது என்பதே கணக்கு. 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ முதலிடத்தில் இருந்தது. 2012இல் ஹிட்ச்கொக்கின் ‘வெர்டிகோ’. 2022இலோ ‘ஜீன் டீல்மன்’ முதலிடத்துக்கு வந்தது. பெல்ஜிய நெறியாளர் சாந்தல் அக்கர்மன் 1975இல் எடுத்த அந்தப் படம், ஒரு பெண் வீட்டில் உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் மூன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் காட்டுகிறது. பத்தாண்டுக்கு முன் அது இருந்த இடம் 36. படம் அதே படம். வாக்களித்தவர்கள் 846 பேரிலிருந்து 1,600க்கும் மேலாகப் பெருகினார்கள். புதியவர்கள் உள்ளே வந்தார்கள்.

இந்த விஷயம் எங்கள் விறாந்தையிலும் நடந்தது. முதல் மாதம் ஆண்கள் மட்டுமே பட்டியல் கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் ஆசிரியையும் வேறிரு பெண்களும் கொடுத்தார்கள். உடனே ‘சிறை’ (1984) வந்தது. அனுராதா ரமணனின் கதையை ஆர்.சி.சக்தி படமாக்கியது. ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) மேலே ஏறியது. ‘சிந்து பைரவி’யின் மீது வழக்கே வேறாயிற்று. ஆண்கள் அதை இசைமேதை ஒருவன் விழுந்து எழும் கதையாகப் பார்த்திருந்தார்கள். பெண்களின் கேள்வி, இசை தெரியாத பைரவியை ரசிகர்கள் ஏன் அவ்வளவு எளிதில் மறந்துபோனார்கள் என்பது. நியாயமான கேள்வி.

இனி அந்த ஆசிரியையின் முதலிடத்துக்கு வருகிறேன். பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988இல் திரைக்கு வந்தது. பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்பது நேயர்களுக்குத் தெரியும். அவருடைய ‘மூன்றாம் பிறை’ (1982) எல்லாருக்கும் தெரிந்த படம். எங்கள் பட்டியல்களிலும் தாராளமாக இருந்தது. ‘வீடு’ பட்டியல்களில் ஒரு மரியாதைக்காக எட்டாவது ஒன்பதாவது இடத்தில் நின்றது. பாட்டில்லை, சண்டையில்லை. பின்னணியில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசை மட்டும். சுதா என்ற நடுத்தர வர்க்கத்துப் பெண், தங்கை, பாட்டன் ஆகியோர் வாடகை வீட்டை விட்டு வெளியேற வேண்டி வருகிறது. இரண்டு துண்டு நிலத்தில் ஒன்றை விற்று மற்றதில் வீடு கட்டத் தொடங்குகிறாள். ஒப்பந்தக்காரன் சீமெந்தில் கை வைக்கிறான். அதைக் கண்டு சொல்பவள் ஒரு கூலிப்பெண். கடன் தர முன்வரும் மேலதிகாரி வேறொன்றைக் கேட்கிறான். பாட்டனாக வரும் பழைய நாடகக் கலைஞர் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியே போய்ச் சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் காட்சியை எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை. சுவரைத் தொடுகிறார், அவ்வளவுதான். வீட்டில் குடியேற அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இறுதியில் அந்த நிலமே குடிநீர் வாரியத்துக்கென எடுக்கப்பட்டது என்று தெரிகிறது; நீதிமன்றத்தில் போய் நிற்கிறது கதை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தாம் சிறுவனாக இருந்தபோது தாயார் வீடு கட்டத் தொடங்கியதும் அவருடைய முகத்திலிருந்த சிரிப்பு எப்படி மறைந்துபோயிற்று என்பதன் நினைவே இந்தப் படம் என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். ஆக, வளசரவாக்கத்தில் எழும் அந்தச் சுவர்களுக்கு அத்திவாரம் மட்டக்களப்பில் போடப்பட்டது எனலாம்.

மாணவர்களில் ஒருவர் மெதுவாக ஆட்சேபித்தார். “ரீச்சர், நல்ல படந்தான். ஆனா ரெண்டாந்தரம் போட்டுப் பாக்க மனம் வருகுதில்லை. ஊர்ந்து போகுது.”

“தம்பி, நீர் ஒரு வீடு கட்டிப் பாத்திருக்கிறீரோ?”

“இல்லை ரீச்சர்.”

“நான் கட்டினனான். வட்டிக்கு வாங்கி, நகை வித்து, பத்து வருசமாய்க் கட்டினது. தொண்ணூற்றைஞ்சிலை விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள். திரும்பிப் போகேக்கை முன்பக்கத்துச் சுவர் ஒண்டுதான் நிண்டது. நான் அதைத் தொட்டுப் பாத்தனான்.”

தம்பி மறுமொழி சொல்லவில்லை. என்றாலும் அவர் பக்கத்து நியாயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஒருவருடைய துயரம் இன்னொருவருக்கு அளவுகோலாக முடியாது. படத்தின் நடை மந்தமா இல்லையா என்பது படத்தை வைத்தே பேச வேண்டிய விஷயம். வீடு கட்டும் வேலையே மெதுவானது, ஒவ்வொரு கல்லுக்கும் காசு தேட வேண்டியது, அந்த வேகத்தில்தான் படமும் நடக்கிறது என்பது என் பதில். அடுத்த மாதம் தம்பி படத்தை மறுபடி பார்த்துவிட்டு வந்தார். ஒன்பதிலிருந்து ஐந்துக்குக் கொண்டுவந்திருந்தார். முதலிடம் கொடுக்கவில்லை. அது நேர்மை.

மறுபடி பார்த்தார் என்றேனே, அதில்தான் ஒரு கஷ்டம் இருக்கிறது. தம்பிக்குக் கிடைத்தது முகங்கள் மங்கிய, ஒலி கரகரக்கும் ஒரு கொப்பி. நல்ல கொப்பி வேண்டுமென்றால் மூலப்படச்சுருள் வேண்டும். ‘வீடு’ படத்தின் நெகடிவ் அழிந்துவிட்டது என்று பாலு மகேந்திரா 2014இல் மறைவதற்கு முந்திய ஆண்டுகளில் மேடைகளில் சொல்லிச் சொல்லி வருந்தினார். தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க ஒரு காப்பகம் வேண்டும் என்று மன்றாடினார். நெகடிவ்வுக்குக் குளிரும் உலர்ந்த காற்றும் வேண்டும். அதற்கு மாதாமாதம் செலவு. வசூலித்த படத்துக்கு அந்தச் செலவை யாராவது செய்வார்கள். மற்றவை புழுங்கிப் புளித்து ஒட்டிக்கொண்டுவிடும். நமது நாட்டிலோ 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. அங்கே ஈரமும் பூஞ்சணமும் செய்வதை இங்கே ஒரே நாளில் தீ செய்தது.

ஆதலால்தான் இந்தப் பட்டியல்களை விளையாட்டென்று நான் ஒதுக்குவதில்லை. ஒரு படத்தைப் புதுப்பித்து எடுக்க ஒருவர் பணம் போடுவதற்கு, அதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலிலிருந்து ஸ்ரீதர்ராஜன் எடுத்த ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983), ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ (1982) ஆகிய படங்களை எங்கள் கூட்டத்தில் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைப் பாலச்சந்தர் படமாக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) பெயரளவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முழுதாகப் பார்த்தவர் பாதி. பாராத படத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்? இடமில்லாததை யார் தேடுவார்கள்? ஆகவே இரண்டாவது பட்டியலொன்றும் தொடங்கியிருக்கிறோம்: பார்க்க விரும்பியும் கிடைக்காத எண்பதுகளின் படங்கள். முதற்பட்டியலை விட அது வேகமாக நீளுகிறது.

முதற்பட்டியலின் கூட்டல் வேலை வங்கி நண்பருடையது. அவர் இன்னும் முடிக்கவில்லை. ஆசிரியை தந்த தாளில் ‘வீடு’ என்று ஒரே ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறது. மற்ற ஒன்பது இடங்களும் வெறுமை. நிரப்பித் தரும்படி கேட்டதற்கு, “நீங்களே ஏதாவது போடுங்கோ” என்றுவிட்டார். அப்படிப் போடக்கூடாது என்று ஒரு கட்சி, போடாவிட்டால் தாளே செல்லாது என்று இன்னொரு கட்சி. வருகிற மாதக் கூட்டத்துக்கு அதுதான் முதல் வழக்கு.